வேர்னா அக்காவிடம் நான் சொல்லாமல் விட்டது

வியாழக்கிழமை காலை விளக்கேற்றித் தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பாதியில் எழும்பக் கூடாதென்று விட்டுவிட்டேன். இரண்டாம் தரமும் அடித்தது. விட்பியிலிருந்து டெனிஸ், வேர்னா அக்காவின் பெறாமகள். அன்ரி விடியற்காலை நித்திரையிலேயே போய்விட்டா, நோவொன்றும் படவில்லை என்றாள். நான் 'சொறி' என்ற ஒரு சொல்லைத்தான் சொன்னேன். திரும்ப வந்து சாமிக்கு முன்னால் இருந்தபோது, தேவாரத்தை எந்த இடத்தில் விட்டேன் என்று தெரியவில்லை. நாற்பது வருடமாகப் பாடுகிற பதிகம் அது.

எங்கள் சனிக்கிழமை மாதர் ஒன்றுகூடலுக்கு வருகிற உங்களில் பலருக்கு வேர்னா அக்காவைத் தெரியும். ஊதா நிறத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, நூலகத்தின் கீழ்மண்டபத்தில் தன் குடும்பத்தின் கதையைச் சொன்ன கறுப்பினத்துப் பெண்மணி. பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொன்னது நான். இந்த இதழுக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்ட தலைவி, "உங்களுக்குத்தானே அவவை நல்லாத் தெரியும்" என்றார். தெரியும். ஆனால் இதை எழுத உட்காரும்போது எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முதலில் எங்கள் பழக்கம் எப்படி வந்ததென்று சொல்கிறேன். கனடாவுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில் நாங்கள் குடியிருந்த காலம். அவர் ஒன்பதாம் மாடி. லிப்டில் அவர் நின்றால் நான் ஏறமாட்டேன். அடுத்ததில் வருகிறேன் என்று கையைக் காட்டுவேன். வீட்டில் அவரைக் குறித்து நாங்கள் பாவித்த சொல்லை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் எல்லோரும் அறிந்த சொல்தான். ஒருநாள் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில், நாலு மூலையும் இழுபடுகிற மெத்தை விரிப்பை மடிக்கத் தெரியாமல் நான் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஆஸ்பத்திரி லோன்றியில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வெடுத்தவர். ஒன்றும் கேட்காமல் மறுபக்க இரண்டு மூலையையும் பிடித்தார். மடித்து முடித்து என் கையில் தந்துவிட்டு, "லிப்ட் சரியாப் பிந்துது என்ன?" என்றார். எனக்கு முகம் சுட்டது. அவர் சிரித்துக்கொண்டு போனார். (அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் காதில் அது எங்கள் பேச்சாகத்தான் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.)

அதன்பிறகு அவர் எனக்கு அக்கா. என் ரசத்தைக் குடித்து இருமிக் கண்ணீர் விட்டு, "உன்ரை சாமி இதையும் கேக்கிறவரோ?" என்று பகிடி பண்ணுவார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய்வந்து அவர் தன் பாட்டுகளை முணுமுணுப்பார். நான் என்னுடையதைப் பாடுவேன்.

அவர் குடும்பத்தின் கதை இது. அன்றைய தினம் வராதவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். அவருடைய முன்னோரில் ஹெஸ்ரர் என்றொரு பெண். வேர்ஜினியாவில் ஒரு தோட்டக்காரருக்குச் சொந்தமாக இருந்தவள். சொந்தம் என்றால், மாடு சொந்தம் என்கிறோமே, அப்படி. இரண்டு பிள்ளைகள். தோட்டக்காரர் மூத்தவளை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். கைக்குழந்தை அழுதால் பிடிபடுவோம் என்று சின்னவனைத் தன் தங்கையிடம் விட்டாள். பிறகு அவனைக் காணவேயில்லை. வடக்கு மாநிலங்களில் அடிமை முறை இல்லாவிட்டாலும், தப்பி வந்தவர்களைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிச் சட்டம் இருந்ததால் அங்கேயும் நிற்க முடியாது. ஒளித்துவைத்துச் சோறு போட்டவர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிவிட, பஃபலோ வரைக்கும் வந்து, அங்கே ஆற்றைக் கடந்து கனடாவுக்குள் வந்தாள்.

இதைக் கேட்ட அன்று நான் அழுதேன். நானும் அகதியாக இரண்டு பிள்ளைகளோடு பஃபலோவில் ஒரு தேவாலயத்து விடுதியில் பதினேழு நாள் படுத்திருந்து, அதே ஆற்றின் மேலிருக்கிற பாலத்தால்தான் வந்தவள். "ஒரே ஆறு, சிஸ்ரர்" என்றார் வேர்னா அக்கா. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். நூலகத்தில் அந்த வரலாற்றுப் புத்தகங்களை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து, ஒரு கொப்பியில் குறிப்பெழுதி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, ஓடி வந்தவர்களின் பக்கத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டேன். அடிமை வைத்திருந்தவர்களின் பக்கத்தைப் பார்க்கும்போது அது வேறு யாரோ, வேறு நிறம் என்று புரட்டிவிட்டேன்.

அவர் சொன்ன இன்னொன்றும் இங்கே வரவேண்டும். ஹெஸ்ரர் என்ற பெயர் குடும்பத்தில் மறந்துபோயிருந்ததாம். "எங்களுக்கு அந்தப் பேர் கிடைச்சது அவளை வைச்சிருந்தவன்ரை சொத்துக் கடதாசியிலைதான். குதிரைகளுக்குக் கீழை எழுதியிருந்தது. அவன்ரை ஆக்கள் அந்தக் கடதாசிப் பெட்டியைத் திறந்து காட்டாட்டில் எங்களுக்கு அவள் பேரில்லாத மனுசிதான்." அப்படிக் காட்டினவர்கள் நல்லவர்களாக இருக்கவேண்டும் என்றேன். "நல்லவையோ எண்டு தெரியாது. திறந்தவை" என்றார்.

நாங்கள் ரூஜ் பக்கம் வீடு வாங்கி வந்தபிறகு, ஒரு சனிக்கிழமை அவரை ஒன்றுகூடலுக்குக் கூப்பிட்டேன். சப்வேயும் பஸ்ஸுமாக ஒன்றரை மணித்தியாலம் பயணம் செய்து வந்தார். அன்று மண்டபம் நிறைந்திருந்தது. நீங்கள் கைதட்டினீர்கள், சிலர் அழுதீர்கள். கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "உங்கடை நாட்டிலையும் ஒரு மனுசர் இன்னொரு மனுசருக்குச் சொந்தமாய் இருந்ததுண்டோ? உங்கடை வீடுகளிலை அதைப் பற்றி என்ன சொல்லுவினம்?"

நான் அதைத் தமிழில் இப்படிச் சொன்னேன்: "நாங்கள் பட்ட கஷ்டங்களைப் பற்றி ஆராவது கதைக்க விருப்பமோ எண்டு கேக்கிறா."

நீங்கள் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். அவர் கேட்டது அது அல்ல. அது என் முதல் பிழை.

கதவடிக் கதிரையிலிருந்து மலர் எழும்பினார். மலரை உங்களுக்குத் தெரியும். இரண்டு மூன்று மாதம் வந்தவர். அவர் முதன்முதல் வந்த அன்று அவரைச் சுற்றி நின்று நாங்கள் கேட்டதும் ஞாபகமிருக்கும். ஊரிலை எவடம்? எந்தக் கோயிலடி? ஆரின்ரை பகுதி? மறுமொழி வந்தபிறகு யாரும் அவருக்குப் பக்கத்தில் தட்டோடு போய் இருக்கவில்லை. அவர் என் ஊர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வயலுக்கு அப்பால்.

மொழிபெயர்ப்பதற்காக அவர் சொன்னதைக் கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தேன். வீட்டுக் கணக்கும் பஞ்சாங்கக் குறிப்பும் எழுதுகிற கை, ஒன்றையும் விடாது. இப்போது மலரிடம் அதை வாசித்துக் காட்டி, அவர் ஓம் என்ற பிறகு இங்கே தருகிறேன்:

"என்ரை பூட்டனைப் பெத்த மனுசி சின்னி. சின்னியைப் பெத்த தாயின்ரை பேர் எங்களுக்குத் தெரியாது. அவையை ஒரு வீட்டுக்காரர் மகளின்ரை சீதனத்தோடை எழுதிக் குடுத்தவை. இவ்வளவு பரப்புக் காணி, இவ்வளவு பனை, கிணத்திலை பங்கு, அதுக்குக் கீழை எங்கடை ஆக்கள். பிறகு சட்டம் வந்து அது நிண்டிட்டுதெண்டு சொல்லுவினம். வேலை நிக்கேல்லை. செத்தவீடெண்டால் கூப்பிட முதலே போய் நிக்கவேணும். நான் பள்ளிக்கூடத்திலை நிலத்திலை இருந்து படிச்சனான். இருக்கிற வாங்கு வெறுமையாக் கிடந்தது. கோயிலுக்கு வெளியிலை நிண்டு கும்பிட்டனாங்கள். எழுதிக் குடுத்தவை ஆரெண்டு நான் சொல்லேல்லை. இஞ்சை இருக்கிற ஆக்களுக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். நான் வேர்னா அக்காவிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னேன்: "உங்கள் துயரமான கதைக்கு நன்றி என்கிறார். எங்கள் மக்களும் போரில் நிறையக் கஷ்டப்பட்டார்கள்."

அவ்வளவுதான். பிறகு தேநீர். கோப்பை கழுவுகிற இடத்தில் ஒருவர் வந்து என் தோளைத் தட்டி, "நல்லாச் சமாளிச்சீங்கள்" என்றார். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. உங்களுக்கும் தெரிந்த காரணம்தான். பிற ஆட்களுக்கு முன்னால் எங்கள் அழுக்கை ஏன் அவிழ்க்கவேணும் என்பது. ஆனால் எனக்கு அதைவிடக் கிட்டிய காரணம் ஒன்று இருந்தது. இடம்பெயர்ந்தபோது என் அப்பா நகைப்பெட்டியை விட்டுவிட்டு காணி உறுதிப்பத்திரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர். அவர் காலமானபிறகு அது என்னிடம் வந்தது. கடதாசி என்று ஒன்று கையில் வந்தால் கடைசி எழுத்துவரை வாசிக்காமல் விடமாட்டேன். அந்தப் பெட்டியில் எங்கள் குடும்பத்தின் பழைய சீதன உறுதியொன்று இருந்தது. காணி, பனை, கிணற்றுப் பங்கு, அதன் கீழே ஆறு பெயர்கள். மலர் 'சின்னி' என்றபோது அந்தத் தாளில் அது எத்தனையாவது வரி என்றுகூட எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் எழுதியிருந்த பெயரும் தெரியும்.

அன்று வேர்னா அக்கா திரும்பிப் போகும்போது கெனடி சப்வே ஸ்ரேசன் வரைக்கும் அவரோடு பஸ்ஸில் போனேன். "அந்த மனுசி கனநேரம் கதைச்சா. நீ சொன்னது இரண்டு வரி" என்றார் வேர்னா அக்கா. தமிழ் நீளமான பாஷை அக்கா என்றேன். அவர் சிரித்தார். பிறகு, இதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

ஹெஸ்ரருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இங்கே வந்தபிறகு தேவாலயத்து அம்மா ஒருவர் அவள் சொல்லச் சொல்ல எழுதி வைத்தாராம். அந்தத் தாள் இன்னும் குடும்பத்தில் இருக்கிறது, அவள் பேரை எழுதாமல் 'ஓடிவந்த பெண்' என்றுதான் போட்டிருக்கிறதாம். தோட்டக்காரரின் சவுக்கு, ஓடிய வழி, ஆறு எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் கரைசேர்ந்த ஊரின் பள்ளிக்கூடத்தில் ஹெஸ்ரரின் மகளைச் சேர்க்க மாட்டோம் என்று வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பியது மட்டும் அதில் இல்லை. திருப்பி அனுப்பியவர்களில் எழுதிய அம்மாவின் புருஷனும் ஒருவர். "அந்த இடத்திலை 'கனடாவுக்கு நன்றி சொன்னாள்' எண்டு எழுதியிருக்கு" என்றார். "எங்கடை வீட்டிலை அந்தத் தாளை வாசிக்கேக்கை, அந்த வரி வந்தவுடனை எல்லாரும் ஒருமிக்கச் சிரிப்பம்."

நான் சிரிக்கவில்லை. எனக்குச் சொல்கிறார் என்று விளங்கியது. ஆனால் தற்செயலாகச் சொல்கிறார், அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அன்று வாய் திறந்திருக்கலாம். ஸ்ரேசன் வந்துவிட்டது.

அந்தக் கிழமைக்குப் பிறகு மலர் ஒன்றுகூடலுக்கு வரவில்லை. யாரும் ஏனென்று கேட்கவுமில்லை, நான் உட்பட. மூன்று வருடம் போனது. இடைக்கிடை வேர்னா அக்கா, "கதவடியிலை இருந்த அந்த மனுசி சுகமோ?" என்று கேட்பார். நல்ல சுகம் என்பேன். ஒருதரம், போன கிழமை கண்டு கதைத்தேன் என்றும் சொன்னேன். கந்தசஷ்டி விரதத்தில், வெறும் பாலோடு இருந்த நாள் அது. விரதத்தில் பொய் சொன்னதை நினைத்துப் பிறகு வேறாக அர்ச்சனை செய்தேன். மலரைத் தேடிப்போகத் தோன்றவில்லை. அர்ச்சனை சுலபமாக இருந்தது.

கடைசியாக அவரைப் பார்த்தது விட்பியில், டெனிஸ் வீட்டில். கோ ரெயினில் போனேன். குரல் மெலிந்திருந்தது. என் கையைப் பிடித்து, "சொல்லு, சிஸ்ரர்" என்றார். எதைச் சொல்ல என்றேன். "உனக்குச் சொல்லவேணும் போலை இருக்கிறதை." பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சொன்னேன். புது வீட்டுக் கூரை ஒழுகுகிறதைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். எழும்பி வரும்போது, "திருப்பி வா" என்றார். பனி கொட்டுகிறது, வெயில் வரட்டும் என்று பிந்தினேன்.

செத்தவீடு விட்பியில் அவருடைய தேவாலயத்தில் நடந்தது. நான் ஒன்பதாம் வரிசையில் இருந்தேன். முன்வரிசையில், குடும்பத்தாரோடு, கருநீலச் சேலையில் ஒரு முதுகு. திரும்பியபோது மலர். டெனிஸ் அவரைப் பேசக் கூப்பிட்டாள். மலர் எழும்பி ஆங்கிலத்தில் பேசினார். மெதுவான, பிழை இருந்தாலும் தடங்கலில்லாத ஆங்கிலம். இருபத்திரண்டு வருடம் முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றின வேலை அவருக்கு. அந்த மொழி இல்லாமல் எப்படிச் செய்திருப்பார் என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. வேர்னா இரண்டு கிழமைக்கொருதரம் தன் வீட்டுக்கு வருவதாகவும், தான் பிட்டு அவித்துக் கொடுப்பதாகவும் சொன்னார். தான் சொல்லச் சொல்லத் தன் குடும்பக் கதையை வேர்னா எழுதினார், எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பி வாசித்துக் காட்டி, "சரியோ? ஏதும் விட்டிட்டனோ?" என்று கேட்டார், விட்டது இருந்தால் வெட்டி எழுதினார் என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். நான் போய் மலருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"இண்டைக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படேல்லை."

"மலர், அண்டைக்கு நான் பிழையாத்தான் சொன்னனான்."

"தெரியும். நான் மறுமொழி சொன்னது நீங்கள் தமிழிலை கேட்ட கேள்விக்கில்லை. அவ இங்கிலிசிலை கேட்ட கேள்விக்கு. அதுகூட உங்களுக்கு விளங்கேல்லை."

உண்மைதான். மூன்று வருடம் அந்தக் கொப்பி என்னிடம் இருந்தது. கஷ்டத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் உறுதியைப் பற்றிச் சொன்னார். அந்த முரண் எனக்குப் படவேயில்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

"வேர்னா அக்காவுக்குத் தெரியுமோ?"

"நீங்கள் உள்ளுக்கை கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனீங்கள். அவ கதவடிக்கு வந்து, முழுக்கச் சொல்லு எண்டா. சொன்னனான்."

அப்படியென்றால் அந்த பஸ்ஸில் ஏறும்போதே அவருக்கு எல்லாம் தெரியும். மெல்லக் கேட்டேன், என்னைப் பற்றி ஏதும் சொன்னாவோ என்று.

"அவ ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் உங்களைத் திட்டினனான், நல்லாத் திட்டினனான். அவ ஒவ்வொரு முறையும், 'அவள் சொல்லுவாள், பொறு' எண்டுதான் சொன்னவ. 'உங்களுக்கு இவையைத் தெரியாது' எண்டு நான் அவவுக்குச் சொன்னனான்."

மன்னித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். மலர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "எனக்குத் தனியச் சொல்லாதையுங்கோ. தனியச் சொன்னால் அது உங்களுக்குச் சுகம். அண்டைக்கு அங்கை இருந்தவைக்குச் சொல்லுங்கோ."

அதைத்தான் இங்கே செய்கிறேன். அஞ்சலி எழுதச் சொன்ன இடத்தில் உங்களையும் இழுத்துவிட்டேன் என்று சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். ஒன்றுகூடலுக்கு இனி வரவேண்டாம் என்றாலும் அது உங்கள் விருப்பம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த உறுதியை எடுத்துக்கொண்டு மலர் வீட்டுக்குப் போனேன். பிரதி அல்ல, மூலத்தை. அவர் மேசையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். பழைய எழுத்து, எனக்கு ஓடுகிற வேகத்தில் அவருக்கு ஓடவில்லை. உதவி செய்ய வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். பனையைக் கடந்து, கிணற்றைக் கடந்து, கீழே வந்து, விரல் நின்றது. "கதிரி, அவள் மகள் சின்னி." இரண்டு தரம் வாசித்தார். பிறகு உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டு, "இஞ்சை வா, சின்னியைப் பெத்த மனுசியின்ரை பேர் கதிரியாம்" என்றார். தாளை அவனிடம் கொடுத்தார். எனக்குத் தேநீர் தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வேர்னா அக்கா உயிரோடிருந்த மூன்று வருடத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் மலர் வீட்டுப் படியேறியிருக்கலாம். அவர் மலரின் வீட்டில் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே கதவைத் தட்டியிருக்கலாம். 'அவள் சொல்லுவாள்' என்று என்னைப் பற்றி இந்த ஊரில் ஒரே ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த நம்பிக்கை மட்டும்தான். நான் சொல்லிவிட்டேன். கேட்கவேண்டியவர் இல்லை.